முந்நூற்று ஒன்று

ஆர்விட்ஸின் டயர் கடைக்குக் கதவு ஒன்றுதான்.
அதுவும் சரியாகச் சாத்தாது, காலால் ஓர் உதை கேட்கும்.
இணையத்தில் எட்டு.

மூன்று டபிள்யூ போட்டால் ஒரு முகவரி, போடாவிட்டால் வேறு.
பூட்டுச் சின்னம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் இன்னொன்று.
நாலாயிற்றா,
ஊர் நடுவே நாட்டெல்லை ஓடுவதால்
எஸ்தோனிய வால் ஒட்டி ஒரு நாலு,
லாத்விய வால் ஒட்டி ஒரு நாலு.

அந்த ஊருக்கே பெயர் இரண்டு.
கோட்டுக்கு வடக்கே மெல்லிய க, தெற்கே வலிய க.
நான் எழுதும் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே க.
வல்கா என்று எழுதி முடித்துவிட்டேன்,
எல்லைக் காவலர் யாரும் என்னை நிறுத்தவில்லை.

தேடுபொறிக்கு இந்தச் சலுகை இல்லை.
அது எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை,
ஒரு புள்ளி மாறினாலும் வேறு கடை என்று குறித்துக்கொள்ளும்.
எது அசல், எவை நகல் என்று புரியாமல்
எட்டையும் ஐந்தாம் பக்கத்துக்குத் தள்ளிவிட்டது.

அக்டோபர். இரவில் முதல் உறைபனி.
ஊரே குளிர்கால டயர் என்று தட்டித் தேடுகிறது,
ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய கடைக்குப் போகிறது.

ஊர்வே வந்தாள். ஈர பூட்ஸோடு,
ரப்பர் அடுக்கின்மேல் மடிக்கணினியை வைத்து,
"ஒன்றைச் சொல்லுங்கள்" என்றாள்,
"மற்ற ஏழும் அதற்கே கை காட்டும்."

டபிள்யூ சுலபம். போகட்டும் என்றார் ஆர்விட்ஸ்.
பூட்டு சுலபம். இருக்கட்டும் என்றாள் மாரிக்கா.
பிறகு இருவரும் பேசவில்லை.
கம்ப்ரெஸர் மட்டும் பேசியது.

அவர் தெற்கு. அவள் வடக்கு.
இருபத்திரண்டு வருடக் கல்யாணத்தில்
சமையலறைக்கு எந்த மொழி என்றுகூட முடிவு செய்ததில்லை.
கோபம் ஒன்றில், கணக்கு மற்றதில்.

அன்றிரவு
மாரிக்கா எஸ்தோனிய முகவரியை லாத்வியத்துக்குத் திருப்பினாள்,
அவருக்காக.
ஆர்விட்ஸ் லாத்விய முகவரியை எஸ்தோனியத்துக்குத் திருப்பினார்,
அவளுக்காக, அவளிடம் சொல்லாமல்.
காலையில் கடையே திறக்கவில்லை.
நீங்கள் முதலில், இல்லை நீங்கள் முதலில் என்று
வாசலில் உபசரித்தே
விருந்தாளியைப் பட்டினி போட்ட வீடு.
திசைமாற்றம் மிகுந்துவிட்டது என்றது உலாவி.
ஊர்வே சிரித்தாள். இருமல் வரும்வரை சிரித்தாள்.

பிறகு பதிவேட்டைத் திறந்து எண்ணினாள்.
வந்தவர் நூறில் அறுபத்தெட்டு வடக்கு.
எண்ணைச் சொன்னபின் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.
இருந்திருக்கலாம். ஆர்விட்ஸ் வெளியே போய்
யாருடைய காருக்கோ காற்றழுத்தம் இரண்டு தடவை பார்த்தார்.

முந்நூற்று இரண்டு என்று எழுதினால் தற்காலிகம்.
தேடுபொறி பழைய வாசலிலேயே பாய் விரித்துக் காத்திருக்கும்.
முந்நூற்று ஒன்று என்றால்
குடிபெயர்ந்தாயிற்று, திரும்பி வரமாட்டோம்,
சேர்த்து வைத்த நல்ல பெயரையும் புது இடத்திலேயே வரவு வையுங்கள்.
அந்தக் கடைசி இலக்கத்தின்மேல் ஊர்வேயின் விரல் கொஞ்சம் நின்றது.
"முதலில் இரண்டு போட்டுப் பார்ப்போமா?" மாரிக்கா.
"வேண்டாம்" என்றார் ஆர்விட்ஸ், உள்ளே வந்து,
எஸ்தோனிய மொழியில்.

நவம்பர் கடைசியில் முதல் பக்கம், நான்காவது வரி.

ஆனாலும் ஞாயிறுதோறும் அதிகாலை நாலு பத்துக்கு
யாரோ டபிள்யூ மூன்றும் போட்டு, பூட்டில்லாமல், லாத்விய வாலோடு
கோடைக்கால டயர் பக்கத்தைக் கேட்கிறார்கள்.
எந்திரமாக இருக்கலாம். தூக்கம் வராதவராக இருக்கலாம்.
மூன்று படி இறங்கி வரவேண்டியவரை
ஊர்வே எழுதிய ஒரு வரி
ஒரே தாவலில் கொண்டுவந்து சேர்க்கிறது.
வருகிறார்கள்.
இரண்டு நொடி பார்க்கிறார்கள்.
டயர் இதுவரை வாங்கியதில்லை.